ஜனவரியில் எதற்குக் கடற்கரை ஹோட்டல்?

09.01.1993, சனி. விபோர்க்

இவருக்கு என்னவோ நடந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை கடற்கரை ஹோட்டலுக்குப் போகிறோமாம். வெந்நீர்க் குளம், நீராவி அறை, மூன்று நேரமும் அவர்களே தருகிற சாப்பாடு. ஒரு தேயிலைப் பையை இரண்டு கோப்பைக்கு ஊறவைக்கிற என் புருஷன் மரியரட்ணம் சொல்கிறார் இதை!

"இஞ்சருங்கோ, ஜனவரியில ஆர் கடலுக்குப் போறது?" என்று கேட்டேன்.

"லீவு போட்டாச்சு. வாரும்," என்றார். பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் நத்தாருக்குக்கூட லீவு கேட்காத மனிதர்.

எங்கள் கல்யாண நாள் ஆவணியில். என் பிறந்தநாளும் இல்லை. பிறகென்ன?

10.01, ஞாயிறு

அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து என் அண்ணை ரெலிபோன் எடுத்தார். ஹோட்டல் கதையைச் சொன்னேன். "பிள்ளை, நல்ல இடத்தில வச்சுத்தான் கெட்ட கதையைச் சொல்லுவினம். ஏதும் எண்டால் இஞ்ச வந்திடு," என்றார்.

நானும் அதைத்தான் நினைத்தேன். என்னை விட்டுவிடப் போகிறார்.

இவர் அகதியாக இந்த டென்மார்க்குக்கு வந்தது எண்பத்தாறில். நான் வந்து சேர்ந்தது எண்பத்தொன்பது கடைசியில். "உம்மைக் கூப்பிடுற அலுவல் அமைச்சில இழுபடுது" என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதினார். நோர்வேக்குப் போனவன் போன கையோடு பெண்சாதியைக் கூப்பிட்டான். யாழ்ப்பாணத்தில், குருநகரில் மாக்கிரட் மாமி என் முகத்துக்கு நேரே சொன்னா: "அங்க ஒருத்தி இருப்பாள் பிள்ளை. வெள்ளைக்கார அரசாங்கம் பொய் சொல்லாது. மனுசன்தான் சொல்லுவான்."

இங்கே எங்கள் ஆம்பிளைகள் எல்லாரும் அமைச்சர்தான் பெண்சாதி பிள்ளைகளை வரவிடாமல் மறித்தார் என்கிறார்கள். விசாரணையும் நடக்கிறதாம். இவருக்கு நல்ல சாட்டு! மூன்று வருடமாக ஒரே கட்டிலில் படுக்கிறேன். மாமி சொன்னது மட்டும் என் மனதை விட்டுப் போகவில்லை.

12.01, செவ்வாய்

பஸ்ஸில் வந்து இறங்கினோம். ஹோட்டல் மணல் மேட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கிறது. காற்று கதவைத் திறக்க விடவில்லை. உள்ளே கால் வைத்ததும் ஒருத்தி ஓடிவந்து இவரைக் கட்டிப்பிடித்தாள். நாற்பது வயது இருக்கும். ஹோட்டல்காரி. பெயர் போடில்.

"இதுதான் யூலியானாவா!" என்று பிறகு என்னையும் கட்டிப்பிடித்தாள். என் பெயர் இவளுக்கு எப்படித் தெரியும்?

அறைக்குள் போய்க் கேட்டேன். வந்த முதல் குளிர்காலம் இவரையும் மற்ற அகதிகளையும் இங்கேதான் வைத்திருந்தார்களாம்.

"முகாம் எண்டெல்லோ எழுதினீங்கள்?"

"முகாம்தான். அப்ப குளத்துக்குத் தண்ணி விடேல்லை."

நல்ல முகாம். நாங்கள் பங்கருக்குள், இவர் பூப்போட்ட மெத்தையில்.

13.01, புதன்

குளத்துக்குப் போனேன். பெண்கள் குளிக்கிற அறைச் சுவரில் ஒரு படம். மனித உருவம் ஒன்று. தலை, கக்கம், இன்னும் எங்கெங்கேயோ சிவப்பு அடையாளம். அங்கெல்லாம் சவர்க்காரம் போட்டுக் கழுவினால்தான் குளத்தில் இறங்க விடுவார்கள். அதுவும் ஒரு துணியும் இல்லாமல், எல்லாருக்கும் முன்னால். மாதாவே! ஒரு கிழவி பிறந்தமேனியாக நின்றுகொண்டு எனக்கு "ஹை" சொன்னா. நான் எங்கே பார்க்கிறது? முகட்டைப் பார்த்து "ஹை" சொல்லிவிட்டுத் துவாயோடு ஓடிவந்தேன்.

வருகிற வழியில் அலுவலக அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே இவரும் போடிலும். அவள் அழுகிறாள். இவர் அவள் தோளில் கை வைத்து ஏதோ சொல்கிறார். என்னைக் கண்டதும் இரண்டு பேரும் வாயை மூடிவிட்டார்கள். "நாளைக்கு" என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது.

நாளைக்கு என்ன? நாளைக்குத்தான் சொல்லப் போறாரோ? சொல்லட்டும். என்ர உடுப்பு பெட்டியை விட்டு வெளியில எடுக்கேல்லை. நேர போய் ரயில் ஏறுவன்.

14.01, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

போடில் எங்களை இருப்பறைக்குக் கூப்பிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள். விசாரணை அறிக்கை வந்துவிட்டது. எங்கள் ஆட்களின் குடும்பங்களை வரவிடாமல் அமைச்சர் சட்டத்துக்கு மாறாக மறித்தது உண்மையாம். பிரதமரே பதவி விலகுகிறாராம். கோப்பி குடித்துக்கொண்டிருந்த கிழவன் கிழவிகள் கோப்பையை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

போடில் எனக்கு விளங்குகிற மாதிரி மெதுவாக டேனிஷில் சொன்னாள்: "அப்போது உன் கணவருக்கு எங்கள் மொழி தெரியாது. விபோர்க்குக்குப் போன பிறகும் ஒவ்வொரு கிழமையும் பஸ் ஏறி என்னிடம் வருவார். நான்தான் அமைச்சுக்கு ரெலிபோன் எடுப்பேன். சீக்கிரம் முடியும் என்பார்கள். நானும் இவருக்குச் சீக்கிரம் முடியும் என்பேன். எங்கள் அரசாங்கம் பொய் சொல்லும் என்று எனக்குத் தெரியாது." மறுபடி அழுதாள்.

எனக்கும் தெரியாது, போடில். ஊரில் அரசாங்கம் எதைச் சொன்னாலும் நாங்கள் நம்புவதில்லை. வானொலிச் செய்தி கேட்டுச் சிரிக்கிற சனம். இந்த அரசாங்கத்தை மட்டும் வேதம் மாதிரி நம்பி, தாலி கட்டின மனிதனில் சந்தேகப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது.

15.01, வெள்ளி

காலையில் கடற்கரைக்குப் போனோம். காற்றில் நிற்க முடியவில்லை.

"இதுக்கோ என்னைக் கூட்டிவந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"நான் சொல்லி நீர் நம்பேல்லை. போடில் சொன்னால் நம்புவீர் எண்டு நினைச்சன்."

"முதலே சொல்லியிருக்கலாமே?"

"அறிக்கையில என்ன வருமெண்டு ஆருக்குத் தெரியும்? அதுவும் பிழைச்சிருந்தால் நான் எந்த முகத்தோட நிக்கிறது?"

கொஞ்சத் தூரம் நடந்தோம். பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "நானும் உம்மில ஐமிச்சப்பட்டனான். விசாவுக்குக் கொழும்புக்குக் கூப்பிட்டும் நீர் போகேல்லையாக்கும் எண்டு. வர விருப்பமில்லை எண்டு சொல்லிப்போட்டீராக்கும் எண்டு."

எனக்கு வந்த கோபம்! நானோ? ஷெல்லடிக்குள்ள கிடந்து தபால்காரனைப் பாத்துக்கொண்டிருந்த நானோ விருப்பமில்லை எண்டனான்? நடுக் கடற்கரையில் நின்று கத்தினேன். காற்றில் பாதிதான் இவருக்குக் கேட்டிருக்கும். கத்தி முடியச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும். இவரும் அழுதார். இவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

24.01, ஞாயிறு. விபோர்க்

அண்ணை ரெலிபோன் எடுத்து, "வாறியோ?" என்று கேட்டார். "இல்லை அண்ணை, இஞ்ச கதைக்கக் கிடக்கு," என்றேன்.

உண்மையாகவே கதைக்கிறோம். ஹோட்டலிலிருந்து வந்த நாள் தொடக்கம், இரண்டு பேரும் வேலை முடிந்து வந்ததும், பிரிந்திருந்த காலத்தை ஒவ்வொரு மாதமாக. எண்பத்தேழு தையில் இவர் எங்கே, நான் எங்கே என்று தொடங்கினோம். மாசியில் இவர் பனியில் வழுக்கி விழுந்து கையை முறித்திருக்கிறார், எனக்கு எழுதவில்லை. வைகாசியில் நான் காய்ச்சலில் பினாத்திக்கொண்டு கிடந்தேன், நானும் எழுதவில்லை.

இன்று சமைக்கும்போது ஐப்பசிக்கு வந்துவிட்டோம். இந்திய ஆமி யாழ்ப்பாணத்துக்கு அடித்த ஐப்பசி.

"ஐப்பசியில நீர் எங்க?" என்று கேட்டார்.

"கோயிலுக்குள்ள. சனத்தோட சனமா," என்றேன். வெட்டின வெங்காயத்தையே திரும்ப வெட்டினேன்.

அவர் சோற்று அடுப்பை நிற்பாட்டிவிட்டு எனக்கு எதிரே வந்து இருந்தார். "சொல்லும்," என்றார்.

ஐப்பசி முடியவில்லை. எண்பத்தொன்பது கடைசி வரைக்கும் இன்னும் எவ்வளவோ கிடக்கிறது.