உட்கார்ந்தால் முடிந்துவிட்டதா?

மார்ச் 3

நீதிமன்றத்தில் எழுந்தேன். பேச ஆரம்பித்தேன். உட்கார்ந்துவிட்டேன். மார்புக்குள் யாரோ கதவை இடிப்பது போல இருந்தது, கண் இருட்டியது, விழுந்து மானம் போகக் கூடாதே என்று உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் வக்கீல் உட்கார்ந்தால் பேசி முடித்தாயிற்று என்று அர்த்தம். எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்து, "அவங்க வாதம் முடிஞ்சுதுங்க ஐயா" என்றார். நீதிபதியும் குறித்துக்கொண்டார். எனக்குத் தலை தெளிவதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முக்கியமான வாதம் தொண்டையிலேயே நிற்கிறது. சைக்கிள் கடையை இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லி, என் கட்சிக்காரரான கடைக்காரரைக் காலி செய்யச் சொல்கிறார் கட்டட உரிமையாளர். இடிக்க அனுமதியே வாங்கவில்லை அந்த மனிதர்! அதைச் சொல்லத்தான் எழுந்தேன்.

வெளியே வந்ததும் கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, நம்ம பக்கம் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லையா?"

மார்ச் 4

என் சீனியர் வக்கீல்: "சபைக் கூச்சம்மா, பழகிடும்." அக்கா: "ஒழுங்கா சாப்பிட்டாத்தானே?" போன மாதம் பார்த்த டாக்டர்: "டென்ஷன்." ஆளுக்கொரு தீர்ப்பு. விசாரணை மட்டும் யாரும் நடத்தவில்லை.

பல் தேய்க்க நின்றால்கூடப் படபடக்கிறதே — வாஷ்பேசினைப் பார்த்தா எனக்குக் கூச்சம்?

மார்ச் 7

நரம்பு டாக்டரிடம் போனேன். படுக்க வைத்து நாடி பார்த்தார்: எழுபத்திரண்டு. எழுப்பிச் சுவரோரம் நிற்க வைத்தார். பேச விடவில்லை, பயமுறுத்தவில்லை. சும்மா நின்றேன். நூற்று முப்பது.

"நின்னா ரத்தம் காலுக்கு இறங்கும். எல்லாருக்கும்தான். உடனே நரம்பு அந்த ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிச்சு மேல அனுப்பணும். நம்ம கேக்காமலே தானா நடக்கிற வேலை அது. உங்களுக்கு அந்த நரம்பு மந்தம். பாவம், இதயம் அதுக்கும் சேர்த்து ஓடுது."

"அப்போ பயம் இல்லையா டாக்டர்?"

"நீங்க வக்கீலாச்சே, உங்களப் பார்த்தா எனக்குத்தான் பயமா இருக்கு."

சிரித்தேன். பிறகு ஆட்டோவில் அழுதேன். நான் பொய் சொல்லவில்லை. நான் கோழை இல்லை. இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்ததே என்றுதான் ஆத்திரம்.

மார்ச் 8

நிறையத் தண்ணீர், கூடுதல் உப்பு, இடுப்புவரை இறுக்கும் காலுறை. அக்காவுக்கு ஒரே பொறாமை. "ஊருக்கெல்லாம் உப்பைக் குறைன்றாங்க, உனக்கு மட்டும் விருந்தா?" காலுறையை மாட்டுவதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது.

மார்ச் 12

வாதத்தை மறுபடி கேட்கச் சொல்லி மனு எழுதினேன். காரணத்தை மறைக்கவில்லை. சீனியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வயித்து வலின்னு போடும்மா. நிக்க முடியாத வக்கீல்கிட்ட எவன் கேஸ் குடுப்பான்?"

"நான் வாயாலதான் சார் வாதாடறேன்."

கேட்டதும் திரும்பிக்கொண்டார். திரும்பட்டும். வயிற்று வலியாம்! உடம்பு செய்யும் தப்புக்கு நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஆனால் அவர் சொல்வது நடந்துவிட்டால்? இந்த வேலை போனால் எனக்கு வேறு என்ன தெரியும்?

போகட்டுமே. மனுவில் ஒரு வரி சேர்த்தேன்: 'உட்கார்ந்தபடி வாதாட அனுமதி வேண்டும்.'

மார்ச் 18

என் மனுவைக் கூப்பிட்டதும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "உட்கார்ந்து வாதாடறது நீதிமன்றத்துக்கு மரியாதை இல்லீங்க ஐயா."

விடவில்லை நான். "மரியாதை மனசுல இருக்குங்க ஐயா. ரத்தம்தான் கால்ல இருக்கு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. மருத்துவச் சான்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உட்காருங்க. பேசுங்க" என்றார்.

பேசினேன். தொண்டையில் நின்றதெல்லாம் வந்தது.

ஏப்ரல் 10

கடை காலியாகாது! கடைக்காரர் கைகளைத் துணியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், கும்பிடுவதா கை கொடுப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தார்.

ஏப்ரல் 21

வீட்டில் மயங்கிவிட்டேன். காலுறை போடவில்லை. திமிர். அக்கா திட்டியது நியாயம்.

ஜூன் 5

சீனியர் அனுப்பிய வழக்கு. அதே நீதிமன்றம், அதே எதிர்த்தரப்பு வக்கீல். உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவள், தண்ணீர் குடிக்க நிறுத்தினேன். அவர் அவசரமாக எழுந்தார்.

நீதிபதி நிமிரவே இல்லை. "உட்காருங்க. அவங்க இன்னும் முடிக்கலை."