கேட்டைக்கு நான்கு விரல் மேலே

மேரு, கிள்ளான்
3 ஜூன் 2024

அக்கா,

என் நட்சத்திரத்தை மாற்றியது நீதான். காலை 10.50க்குப் பிறந்தவளை 6.50க்குப் பிறந்ததாகச் சொல்லிச் சாதகம் எழுதி வாங்கினாய். கேட்டை அனுஷமானது. கேட்டைப் பெண் வந்தால் மாப்பிள்ளையின் அண்ணன் சாவான் என்று நம்புகிற வீட்டுக்கு, என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், என்னை அனுப்பி வைத்தாய்.

போன மாதம் கிருபாவின் அண்ணன் லோகன் லோரி மோதிச் செத்தார். லோரி ஓட்டியவனுக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை, முதலாளி விடவில்லை. அந்த முதலாளியை இங்கே யாரும் திட்டவில்லை. மாமி என் பிறப்புப் பத்திரத்தைத் தேடி எடுத்தார். அதில் பிறந்த நேரம் இருக்கிறது, அக்கா. அதை நீ மறந்துவிட்டாய்.

நேற்று கிருபா என் வலது கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினார். மூன்று விரல் முறிந்தது. மாமி டிவி சத்தத்தைக் கூட்டினார். இது இடது கை எழுத்து. போன் அவரிடம். பக்கத்து வீட்டு உஷாராணிக்குப் பிரிக்பீல்ட்ஸில்தான் வேலை. பதிலை அவளிடம் கொடு.

சமையலறைச் சன்னலில், தொழிற்சாலை விளக்குகளுக்கு மேலே, விருச்சிகம் தெரிகிறது. மேலே வெள்ளையாக அனுஷம், கீழே சிவப்பாகக் கேட்டை. கையை நீட்டி அளந்தேன். இடையில் நான்கு விரல்தான்.

என்னைக் கூட்டிப் போ.

ராஜினி


பிரிக்பீல்ட்ஸ்
5 ஜூன் 2024

என் செல்ல ராஜி,

உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்து அழுதேன். மாற்றினது உண்மை. ஏழு இடத்திலிருந்து உன் சாதகம் திரும்பி வந்தது. உனக்கும் முப்பத்திரண்டு ஆகிவிட்டது. ஒரே இராசிதானே, பக்கத்து நட்சத்திரம்தானே என்று நினைத்தேன்.

இப்போதுதான் மாதவிக்கு ஒரு நல்ல இடம் பேசுகிறோம். தங்கச்சி சாதகத்தை மாற்றியவள் மகளுடையதை விட்டிருப்பாளா என்று கேட்பார்கள். கொஞ்சம் பொறு. கிருபா தம்பிக்கு அண்ணன் போன துக்கம், ஆறிவிடும். கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். பக்கத்தில் தெரிந்தவர்கள் நின்றதால் அனுஷம் என்றே சொன்னேன், கோபிக்காதே. சனிக்கிழமை லோகனின் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வருகிறேன். பாலில் மஞ்சள் போட்டுக் குடி.

அன்புள்ள அக்கா
வசுந்தரா


பூச்சோங்
11 ஜூன் 2024

அக்கா,

வந்தாய். என் கழுத்தில் அவன் விரல் பதிந்திருந்ததைப் பார்த்தாய். அறைக்குள் கூட்டிப் போய்ப் பவுடர் பூசினாய். வெளியே வந்து, “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா” என்று நீயே எல்லோரிடமும் சொன்னாய். சாப்பிட்டாய். போனாய்.

உன் கார் திரும்பியதும் அவன் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு சமையலறைக்கு வந்தான். “எங்கண்ணன முழுங்கிட்ட. அடுத்து யாரு, நானா?” என்றான். பெல்ட்டின் இரும்பு என் காதைக் கிழித்தது. மாமி, “முகத்துல வேணாம்டா, ஆளுங்க இன்னும் போகல லா” என்றார். வடை சுட்ட எண்ணெய் அடுப்பில் இருந்தது. இடது கையால் தூக்கி ஊற்றினேன். அவன் முகம் பாதி வெந்துவிட்டது. அன்றைக்கு டிவி சத்தம் போதவில்லை.

போலீஸ் ஜாமீனில், பெண்கள் காப்பகத்தில் இருக்கிறேன். தூங்கியவன்மேல் ஊற்றினேன் என்று ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார்கள். என் விரலும் கழுத்தும் பாத்ரூமில் வழுக்கியதாம். அவள் அக்காவே சொன்னாள் என்று எழுதியிருக்கிறார்கள்.

வியாழன் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வா. நீ பார்த்ததைச் சொல். இல்லாவிட்டால் சிறைக்குப் போவது நான்.

ராஜினி


பூச்சோங்
21 ஜூன் 2024

அக்கா,

இரண்டு வியாழன் போய்விட்டது. உஷாராணி உன் வாசலில் நின்று கூப்பிட்டாளாம். உள்ளே மிக்சி ஓடிக்கொண்டிருந்ததாம். அது நின்றதாம், கதவு திறக்கவில்லையாம். மாதவிக்கு நிச்சயம் முடிந்தது என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

வாக்குமூலம் எழுதிய போலீஸ் சார்ஜன் பிறந்த தேதி மட்டும்தான் கேட்டார். நான் நேரத்தையும் எழுதச் சொன்னேன். காலை 10.50. சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

அடுத்த வியாழன் ஃபைலை மேலே அனுப்புகிறார்கள். அர்ச்சனை வேண்டாம். பால் வேண்டாம். கடிதம்கூட வேண்டாம்.

வந்து, பார்த்தேன் என்று சொல்.

ராஜினி