அமெரிக்கன் மா

யூலை 7, திங்கள்
காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. வெறும் வயிற்றில் சீனி 214. கோதுமையை விட்டுப் பதினெட்டாம் நாள். பாண் இல்லை, றொட்டி இல்லை, றோல்ஸ் இல்லை. ஆனாலும் 214. சீனி பார்க்கிற மெசின் பழுது. மனைவி பவளத்தின் தம்பி லண்டனில் இருந்து அனுப்பியது. அவனைப் போலவே, சத்தம் மட்டும்தான்.

பாண்காரனின் ஓட்டோ பாட்டோடு வந்தது. முன்வீட்டுத் தம்பிராசாவுக்கு இரண்டு பாண், நாலு பணிஸ். அவருக்கும் சீனி வருத்தம்தான். தன் வாய்க்குள் என்ன போகிறது என்று தெரியாத எருமை. படலையில் நின்று பார்த்தேன். மணம் வந்தது. மூக்குக்கு மானமில்லை.

இரவு: பிட்டு, கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டாம் தரமும் போட்டேன்.

யூலை 8
கண் கிளினிக். நம்பர் 61. மூன்று மணி நேரம் வாங்கில் குந்தியிருந்தேன். இடக்கண் முழுக்கப் புகார், பனி மூடினதுபோல. வலக்கண்ணும் தொடங்கிவிட்டது. 24ஆம் திகதி ஒப்பறேசன்.

நேற்றுப் படித்து முடித்த ஒரு தாதிப் பெட்டை: "சீனி இறங்காட்டிச் செய்யமாட்டினம் ஐயா. பிறகு ஆறு மாசம் பாத்திருக்கோணும்."

ஆறு மாதத்தில் பேப்பர்கூட வாசிக்க ஏலாமல் போகும். பயமாக இருக்கிறது. பவளத்திடம் சொல்லவில்லை.

தாதி விடவில்லை: "பிட்டு எவ்வளவு சாப்பிடுறீங்கள்?"

"பிள்ளை, பிட்டு அரிசி மா. நான் விட்டது கோதுமை."

அது கூடத் தெரியாது. இதுகளுக்கு ஒரு வெள்ளைச் சட்டை.

யூலை 10
221. லண்டனில் இருந்து போன். "அத்தான், களவாப் பாண் சாப்பிடுறீங்களோ?"

வைத்துவிட்டேன். முப்பது வருடம் கணக்கு வாத்தியார் நான். பத்தாம் வகுப்பில் இரண்டு தரம் கோட்டை விட்டவன் என்னை விசாரிக்கிறான்.

தோட்டத்துக்குத் தண்ணீர். மோட்டர் சரியில்லை.

யூலை 12, சனி
புழுக்கம். தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போனேன். பவளம் துணியில் கட்டி மா அவித்துக்கொண்டிருந்தாள். வெள்ளை வெளேரென்று.

"உதென்ன மா?"

"பிட்டுக்கு. அரிசி மாவோடை பாதிக்குப் பாதி. இல்லாட்டி மெதுமை வராது."

"கோதுமை மாவோ?"

"சீ! கோதுமையைத்தான் விட்டிட்டியளே. உது அமெரிக்கன் மா."

பையை எடுத்துப் பார்த்தேன். எழுத்தெல்லாம் கலங்கல். அவளிடம் நீட்டினேன். "வாசி."

"கோ... கோதுமை மா." பையைத் திருப்பிப் பார்த்தாள். "அம்மா காலத்திலை இருந்து அமெரிக்கன் மா எண்டுதானே சொல்லுறது..."

கத்த வாய் திறந்தேன். முந்திக்கொண்டாள். "முப்பத்தாறு வருசமாச் சாப்பிடுறியள். ஒருநாளாவது என்ன மா எண்டு கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. சின்ன வயதில் கூட்டுறவுச் சங்கக் கடை வரிசையில் நின்று அமெரிக்கன் மா வாங்கி வந்தவனும் நான்தான். தம்பிராசாவுக்காவது தான் தின்பது பாண் என்று தெரியும்.

யூலை 13
தனி அரிசி மாப் பிட்டு. அரைவாசி அளவு. சல்லிக்கல் மாதிரி. விக்கியது.

"எப்பிடி?"

"நல்லாயிருக்கு."

பொய். அவளுக்கும் தெரியும்.

யூலை 14
காலை மெசினில் 137 போலத் தெரிந்தது. துடைத்துப் பார்த்தேன், 187 போல. பவளத்தைக் கூப்பிட்டேன்.

"நூற்றியெண்பத்தேழு."

ஒப்பறேசனுக்கு இன்னும் பத்து நாள். இன்னொருக்கால் வாசி என்றேன்.