நாலாவது ஆடு

2 மார்ச் 2025, ஞாயிறு

நான் சுவரோடு கதைப்பதில்லை. பூசை முடிந்து வரும்போது கோயில் வாசலில் கிளறா சொல்லிக்கொண்டு நின்றது காதில் விழுந்தது: "கத்தரீனா அக்காவுக்குத் தட்டிப்போச்சு. பின்னேரத்திலை சுவரைப் பாத்துக் கதைக்கிறாவாம்."

சுவரில் ஒரு படம் இருக்கிறது. இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் ஒரு பிரெஞ்சுக்காரர் இத்தாலிக்கு வந்து வரைந்தது. லிபெர்த்தா வீதியில் நான் தங்கிப் பார்த்துக்கொள்ளும் இத்தாலிய மூதாட்டி, சின்யோராவின் தகப்பன் வாங்கியது. சின்யோராவுக்கு இப்போது கண் தெரியாது. படத்தில் இருப்பதைப் பின்னேரங்களில் நான் சொல்ல, அவர் கேட்கிறார். இதற்குப் பெயர் வேலை.

கிளறாவிடம் விளக்கவில்லை. என் புருசன் ஏர்னஸ்ற் செத்த அன்றுகூட நான் வாசலில் நின்று கதைத்தவள் அல்ல.

3 மார்ச்

இடிந்த கோயில், அருவி, துணி துவைக்கும் பெண், மலைக்கு மேல் மஞ்சள் வெளிச்சம். பிறகு ஆடுகள். வழமையான சண்டை.

"நாலு ஆடு. சின்னனிலையே எண்ணினனான்."

"மூண்டு, சின்யோரா. நாலாவது கல்லு."

"கல்லுக்குக் கொம்பு இருக்குமோ?"

"இல்லை. அதாலைதான் கல்லு எண்டுறன்."

இரண்டு வருடமாக இதுதான். விட்டுக்கொடுக்க முடியாது.

5 மார்ச், விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு திரும்பினேன். படம் இல்லை. ஒரு ஆணி, சுவரில் வெளிறிய நீள்சதுரம். சின்யோராவின் மகன் ருஜேரோ குசினிக்குள் நின்றார். வாங்க ஆள் இருக்கிறதாம். "அம்மாவுக்குத் தெரியத் தேவையில்லை. உங்களுக்குப் பாடம்தானே, வழமைபோலச் சொல்லுங்கோ." பிறகு, மெதுவாக: "வயசான ஆக்களைப் பாக்க இஞ்சை வேறை ஆக்களும் இருக்கினம்."

வேறு வீடு தேட அறுபத்தொன்பது நல்ல வயதல்ல.

பின்னேரம் ஆணியைப் பார்த்துக்கொண்டு கோயில், அருவி, பெண், வெளிச்சம் என்று சொன்னேன். ஆடுகளுக்கு முன் நிறுத்திவிட்டேன். செபமாலை சொல்வோம் என்றேன்.

இன்றுதான் நான் சுவரோடு கதைத்தேன். கிளறா மூன்று நாள் முந்திவிட்டாள்.

6 மார்ச்

"நாலு ஆடு," என்றார்.

"ஓம், நாலு," என்றேன். இல்லாத ஆட்டுக்கு ஏன் சண்டை?

அவர் கோப்பி குடிக்கவில்லை.

7 மார்ச்

தவக்காலத்தில் சீனியை விடுவேன். இந்த வருடம் உண்மையை விட்டிருக்கிறேன். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பொய் சொன்ன பிள்ளையைச் சுவரைப் பார்த்து இருத்துவார்கள். இப்போது நானாகவே போய் இருக்கிறேன்.

இப்பிடி எத்தினை நாளைக்கு?

8 மார்ச்

கதிரையை இழுத்த சத்தம் கேட்டதும் கேட்டார்: "படம் எங்கை, கத்தரீனா?"

"அது... ஏன் கேக்கிறியள்?"

"முந்தநாள் நாலு எண்டனீர். படம் முன்னாலை இருந்தால் நீர் செத்தாலும் நாலு எண்டு சொல்லமாட்டீர்."

எல்லாவற்றையும் சொன்னேன், ஆணி உட்பட. மன்னிப்புக் கேட்டேன், ஒரு முறை. அழுவார் என்று நினைத்தேன்.

"பேனையை எடும்," என்றார்.

9 மார்ச், ஞாயிறு

கடிதம் ருஜேரோவுக்குப் போய்விட்டது. சின்யோராவின் கையெழுத்து தாளைத் தாண்டி மேசைத்துணிக்கும் போனது; போதும் என்றார். ஆடு நாலு என்று எழுதச் சொன்னார். மூன்று என்று எழுதினேன். அப்படி எழுதியதை அவரிடம் சொல்லியும் விட்டேன். "பிடிவாதக்காரி," என்று கோப்பி கேட்டார்.

தமிழில் பிரதி:

"மகனே, படம் என்னுடையது. நான் அதை விற்கவில்லை. கத்தரீனா என்னோடுதான் இருப்பார். ஆடுகள் மூன்று, திரும்பி வரும்போதும் மூன்று இருக்க வேண்டும். படத்தை எந்த நாள் கொண்டுவந்து அதே ஆணியில் மாட்டுவாய் என்பதை எழுத்தில் அறியத்தரவும்."