நீ தூங்கும் படங்கள்

ஜூன் 3

என் குண்டூசிக்கு,

நலம்தானே? போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய் என்று எழுதுகிறேன்.

பதினேழாம் தேதி ரயிலில் இருவருக்கும் ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டது. பெட்டியை இறக்கும்போது பழைய பயணப் படங்கள் கையில் சிக்கின. ஒன்பது வருடத்துப் படங்களையும் கட்டிலில் பரப்பினேன். மலையும் கடலும் மங்கல். சும்மா எடுத்தவைதான் நன்றாக விழுந்திருக்கின்றன. நடைமேடையில் ஆரஞ்சு உரிக்கிறாய். விடுதி ஜன்னல் கம்பியில் ரவிக்கை காயப்போடுகிறாய். காத்திருப்பு அறையில் என் பையைத் தலைக்கு வைத்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாய்.

சிரித்தேன். பிறகு எண்ணினேன். இருபத்து மூன்று படங்களில் தூங்குகிறாய், படகில்கூட. கலங்கரை விளக்கத்துப் படியில் முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாய். "இன்னும் எத்தனை படிடி?" என்று கேட்டாய். "கொஞ்சந்தான், வா" என்று இழுத்துப்போனேன்.

உண்மையைச் சொல். உனக்கு இந்தப் பயணங்கள் பிடிக்குமா?

உன்
ஒட்டடைக்குச்சி

ஜூன் 7

ஒட்டடைக்குச்சிக்கு,

இதை ஏழெட்டு வருடம் முன்னால் கேட்டிருக்கக் கூடாதா?

பிடிக்காது.

வார்டில் முப்பத்திரண்டு கட்டில்களுக்கு நடுவே வருடம் முழுக்க நிற்கிறேன். விடுப்பென்று கிடைப்பது பத்து நாள். அந்தப் பத்து நாளும் உன் பின்னால் படியேறினேன். உன் வீட்டுக்காரர் தவறிப்போய் ஒரு வருடம் ஆகப்போகும்போது, "அந்தத் தேதியில இந்த வீட்ல என்னால இருக்க முடியாதுடி" என்று அழுதாய். எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல் கிளம்பினேன். மறு வருடம் டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னாய். அப்புறம் வருடா வருடம் அதே வாரம். ஒரு நாளாவது அவர் பேச்சை எடுத்தாயா? அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான் உன் கவலை.

இந்தத் தடவை முடியவில்லை. என் கட்டிலில் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள்.

குண்டூசி

ஜூன் 12

குண்டூசி,

கோபம்தான் வந்தது. "போடி" என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். தனியாகவே போய்க் காட்டுகிறேன் என்று துணி அடுக்கினேன். பெட்டியை மூடும்போது கை ஓய்ந்துவிட்டது. எனக்கும் எப்போதோ அலுத்துவிட்டதடி. எந்த ஊரில் என்ன பார்த்தோம் என்று யாராவது கேட்டால் முழிப்பேன்.

இரண்டு டிக்கெட்டையும் ரத்து செய்துவிட்டேன். பத்தொன்பதாம் தேதி, அவர் போன நாளில், வீட்டில்தான் இருக்கப் போகிறேன். அவர் விழுந்த அதே சமையலறையில் காபி போட வேண்டும். பயமாக இருக்கிறது.

வருகிறாயா? ஆறுதல் ஒன்றும் சொல்ல வேண்டாம். உள்ளறைக் கட்டிலுக்கு துவைத்த விரிப்பு போட்டிருக்கிறேன். வந்து தூங்கு. நீ மூச்சு விடுகிற சத்தம் கேட்டால் போதும், அந்த நாளை எப்படியோ கடத்திவிடுவேன். முடியாவிட்டால் முடியாதென்று சொல், கோபிக்க மாட்டேன்.

உன்
ஒட்டடைக்குச்சி

ஜூன் 15

அடியே,

பத்தொன்பதாம் தேதி காலையில் டூட்டி முடிந்து நேரே அங்கே வருகிறேன். வந்ததும் படுத்துவிடுவேன். காபி, சாப்பாடு, எதற்கும் எழுப்பாதே.

அழுகை வந்தால் மட்டும் எழுப்பு.

குண்டூசி