டாக்டரம்மா பங்கு

டாக்டரம்மா,

நேற்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் மக்காச்சோளம் விற்கிறவர் குண்டான் மூடியைத் திறந்தார். ஆவி மூக்கில் ஏறியதும் மலர் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "அப்பா, உன் கேசு வாசனை!" பக்கத்தில் நின்றவர் என்னை ஏதோ கோர்ட்டு ஆசாமி என்று நினைத்து நகர்ந்துகொண்டார்.

அந்தக் கேசுக்குத் தீர்ப்புச் சொன்னவர் நீங்கள்தான்.

மகளுக்கு அப்போது ஏழு வயது. ரத்தப் புற்றுநோய் இரண்டாம் முறையும் திரும்பி வந்து, சென்னையில் உங்கள் ஆராய்ச்சிதான் கடைசி வழி என்றார்கள். அவள் ரத்தத்துச் செல்களையே எடுத்து, நோயோடு சண்டை போடப் பழக்கி, பெருக்கி, அவளுக்கே திரும்ப ஏற்றுவதாகச் சொன்னீர்கள். நைனார்பாளையத்து விவசாயி எனக்கு அது நாற்று விடுகிற வேலையாகத்தான் தெரிந்தது. தினமும் போன் போட்டு, "முளைப்பு எப்படிங்க?" என்பேன். "நாத்து பச்சையா இருக்குது, மலர் அப்பா. வரப்புல நின்னுகினு தொல்லை பண்ணாதீங்க" என்பீர்கள். சோறு இறங்காத நாட்கள் அவை. அந்த ஒரு வரிக்காகத்தான் போன் போட்டேன்.

செல்களை ஏற்றிய அன்று, கொல்லையில் முதலில் ஒடித்த பன்னிரண்டு கதிரை உங்களுக்காகக் கொண்டுவந்தேன். முதல் கதிர் வேண்டியவர்களுக்குப் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். நீங்கள் மலர் அறைக்கு வருவீர்களே என்று, ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட கவுனுக்குள் பையை மறைத்து, ஆறு மாத வயிற்றோடு உள்ளே போனேன்.

பத்தே நிமிடத்தில் ஏற்றி முடித்தார்கள். "இவ்ளோதானா?" என்று கேட்கும்போதே அறை முழுக்கச் சோளம் வெந்த வாசனை. நர்ஸ் என் வயிற்றை முறைத்தார். "இன்னா சார், அவிச்சி எடுத்துகினு வந்தீங்களா?" பை வெளியே வந்தது. பச்சைக் கதிர் மணக்காது என்று நான் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்துகொண்டிருந்தபோது நீங்கள் வந்தீர்கள்.

"வாசனை பொண்ணு மூச்சுல வருது. செல்லை உறைய வெச்சி காப்பாத்துற மருந்து அப்படித்தான். அதுக்கு நீங்க நிரபராதி" என்றீர்கள். நான் நிமிர்ந்தேன். "எதிர்ப்பு சக்தியே இல்லாத புள்ள ரூமுக்குக் கொல்லை மண்ணைக் கொண்டாந்தீங்களே, அதுக்கு ஒரு வாரம் வெளிய நில்லுங்க."

கண்ணாடிக்கு வெளியே நின்றேன். மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. நீங்கள் எதிர்பார்த்த காய்ச்சல்தான் என்றாலும் நான் அழுதேன். ஆறாம் நாள் உள்ளிருந்து நீங்கள் கதிர் கடிப்பதுபோல் சைகை காட்டினீர்கள். மலர் பசிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். பன்னிரண்டையும் நீங்களும் நர்ஸ்களும் அவித்துத் தின்றுவிட்டது பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பின் வருஷா வருஷம் முதல் பன்னிரண்டு உங்களுக்குத்தான் வந்தது. இன்று காலையும் ஒடித்துவிட்டேன். பைக்குள் அடுக்கும்போதுதான் நீங்கள் காலமாகி இரண்டு மாதம் ஆனது உறைத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மலர் பையைப் பிடுங்கினாள். "அவங்க வளத்ததெல்லாம் எனக்குள்ள தானே கீது? அவங்க பங்கை நானே சாப்டுறேன்."

அவித்து நான்கு தின்றாள். எனக்கு ஒன்று கேட்டேன். "டாக்டரம்மாவுது, தர மாட்டேன்" என்றுவிட்டாள். வாசலுக்கு வெளியே நின்று அவள் கடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் போட்ட ஒரு வாரம் எனக்கு இன்னும் முடியவில்லை, டாக்டரம்மா.