ஏதென்ஸ்காரரின்ர சீட்டும் எங்கட கப்டனும்

மச்சான்,

இண்டைக்குக் காலமை ரீம் கிட் பேக்கைத் திறந்தா உன்ர சன்ஸ்கிரீன் வாசம்! எத்தினை தரம் சொல்லியும் மூடியைப் பூட்டாம வச்சிட்டுப் போயிருக்கிறாய். நீ செத்து ஒரு சம்மர் போட்டுது, பேக் இன்னும் உன்னைப் போலவே மணக்குது. நோபல் பார்க் கிரிக்கெட் கிரவுண்டில நிண்டு தனியச் சிரிச்சன்.

ஆர் கப்டன் எண்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் அடிபட்ட காலம். நான் யூரியூப்பில பழைய ஏதென்ஸுக்குள்ளயே குடியிருந்தனான். "டேய், அங்க பதவிக்கே சீட்டுக் குலுக்கித்தான் ஆளெடுத்தவங்கள்! வோட்டில பேர் உள்ளவன்தான் வெல்லுவான், சீட்டில எல்லாருக்கும் ஒரே சான்ஸ்!" எண்டு கத்தினன்.

நீயும் வாசிச்சிட்டுத்தான் வந்தனி. "தளபதியை மட்டும் ஏன்டா வோட்டில எடுத்தவங்கள்? கப்பலோட்டியைச் சீட்டிலயா எடுப்பீங்கள் எண்டு அந்த ஊர் ஞானியளே நக்கலடிச்சவை, தெரியுமோ?"

ரீம் சீட்டுக்குத்தான் கை தூக்கிச்சுது, நீ தோத்தாய். ஒவ்வொரு மட்ச்சுக்கும் சீட்டு விழுந்தவன் கப்டன். முதல் சீட்டே, பந்து வந்தாக் கண்ணை மூடுற தர்சனுக்கு! எங்கட பெஸ்ட் போலர் உன்னை அவன் ஃபைன் லெக் மூலையில நிப்பாட்டிப்போட்டுப் பந்தே தரேல்லை. படுதோல்வி. நீயோ பவுண்டரியில விழுந்து விழுந்து மறிச்சாய்.

"பிடிக்காத முறைக்கு ஏன்டா இந்தப் பாடு?" எண்டு கேட்டன்.

"அடுத்த கிழமையும் உன்னோட வாதாடோணும். அதுக்கு ரீம் இருக்கோணுமே."

இண்டைக்கு மட்ச்சுக்கு முதல், சீட்டு வேண்டாம், ஒரே கப்டன் போதும் எண்டு எல்லாரும் ஒரே பிடி. சீட்டுப் போனா எங்கட சண்டையும் போயிடும், உன்ர குரலும் சேர்ந்து போயிடும் எண்டு எனக்குப் பயம். தொண்டை கட்டுமட்டும் பேசினன். கடைசியில என்ர பக்கம் என்ர கை மட்டும்தான்.

கப்டன் ஆர் தெரியுமோ? தர்சன்! சீட்டு விழுந்து விழுந்தே பழகிட்டான். இப்ப ஃபீல்ட் செற் பண்ண அவனை மாதிரி ஆளில்லை.

"சீட்டு இல்லாட்டி உன்னை ஆரடா கண்டது!" எண்டு பாய்ஞ்சன்.

"ஓம் அண்ணை, எல்லாம் உங்கட புண்ணியம். இப்ப ஃபைன் லெக்குக்கு ஓடுங்கோ."

கார்த் திறப்பு கையில இருந்தது. விட்டிட்டுப் போயிடுவமோ எண்டு ஒரு செக்கன் காரைப் பாத்தன். பிறகு திறப்பைப் பேக்குக்குள்ள எறிஞ்சிட்டு, அவனுக்கு வாய் காட்டிக்கொண்டே ஓடினன். ரெண்டாம் பந்தே என்னட்ட வந்துது. விழுந்துதான் மறிச்சன்.

முழங்கால் எரியுது, மச்சான். உன்னட்ட இருந்து எனக்கு ஒட்டினது இந்த விழுகைதான். அடுத்த சீசனும் சீட்டுக் கேப்பன். தோத்துப் போவன் போலதான் கிடக்கு, ஆனா அடுத்த சனிக்கிழமை எல்லாருக்கும் முதல் கிரவுண்டில நிப்பன்.